வீட்டு அடுப்பில் பட் தாய்

தாய்லாந்தின் வறுத்த அரிசி நூடுல்ஸான பட் தாய் வீட்டில் சரியாக வரவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, நூடுல்ஸைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டீர்களா என்பதைத்தான். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். பல பாக்கெட்டுகளின் பின்னால் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். சேமியா செய்து பழகிய கைக்கும் அதுவே இயல்பாகத் தோன்றும். ஆனால் வெந்நீரிலேயே முழுக்க வெந்துவிட்ட அரிசி நூடுல்ஸ் சட்டிக்கு வரும்போது, புளிச்சாற்றைக் குடிக்க அதற்குள் இடம் இருக்காது. சாறு வெளியே நிற்கும், நூடுல்ஸ் ஓரங்களில் கரையத் தொடங்கும், கிளறக் கிளறக் கூழாகும். வறுத்த நூடுல்ஸ் என்று தட்டில் வைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. இந்தப் பதிவில் பாதிக்குமேல் தண்ணீரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் முன்பின்னாகச் செய்தாலும் சமாளித்துவிடலாம்.

இந்த நூடுல்ஸ் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அரிசியை ஊறவைத்து அரைத்து, மாவை மெல்லிய ஏடாகப் பரப்பி ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்த ஏட்டைக் கொஞ்சம் ஆறப்போட்டு, நாடாவாக நறுக்கிக் காயவைக்கிறார்கள். ஆக, கடையில் நாம் வாங்குவது ஏற்கெனவே ஒருமுறை வெந்த பொருள். ஆறும்போதும் காயும்போதும் அதிலுள்ள மாவுச்சத்து இறுகிக் கட்டிப்படுகிறது. பச்சைத் தண்ணீரில் போட்டால் நாடா நெகிழும், வளையும். ஆனால் அந்த இறுக்கம் அவிழாது. அதை அவிழ்க்கச் சூடு வேண்டும். அந்தச் சூடு சட்டியில், புளிச்சாற்றோடு சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பதுதான் முழுச் சூட்சுமமும்.

தாய்லாந்தில் இதற்கு எடுப்பது "ஸென் சன்" என்ற வகை. கிழக்கே கம்போடிய எல்லையை ஒட்டிய சந்தபுரி மாகாணத்தின் பெயரில் வழங்குவது. அங்கே இதையே நண்டு சேர்த்து வறுத்துச் சாப்பிடுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் ரைஸ் ஸ்டிக் என்றோ பட் தாய் நூடுல்ஸ் என்றோ எழுதி வரும் பாக்கெட்டுகளில், சுமார் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை நாடாவைத் தேடுங்கள். 5 மில்லிமீட்டர் கிடைத்தாலும் பரவாயில்லை. ஊசி நூலாக இருப்பது வேண்டாம், ஒரு நிமிடச் சூட்டைக்கூட அது தாங்காது. பட்டையாக ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் இருப்பது கரும் சோயா சாஸ் ஊற்றிச் செய்யும் வேறு பதார்த்தத்துக்கு உரியது.

ஒருவருக்கு 60 கிராம் உலர்ந்த நூடுல்ஸ். அகலமான பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி மூழ்கவைக்கிறேன். மார்கழியில் 40 நிமிடம் ஆகும். மே மாதச் சென்னையில் மேல்தொட்டித் தண்ணீர் குழாயிலேயே வெதுவெதுப்பாக வருவதால் 25 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்கிவிட வேண்டும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். ஒரு நாடாவை எடுத்து ஆள்காட்டி விரலில் சுற்றினால் முறியாமல் சுற்ற வேண்டும். அதே நாடாவைப் பல்லில் வைத்துக் கடித்தால் நடுவில் 'கடுக்' என்று ஒரு எதிர்ப்பு இருக்க வேண்டும். கடித்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தால் மையத்தில் வெண்மையாக ஒரு கோடு தெரியும். சாப்பிட முடியாத அளவுக்குக் கடினம், ஆனால் வளைகிறது: அதுதான் பதம். உடனே வடிகட்டியில் கொட்டிப் பத்து நிமிடம் சொட்டவிடுங்கள். இந்த நிலையில் 60 கிராம், ஏறத்தாழ 100 கிராம் ஆகியிருக்கும். தராசு இருந்தால் நிறுத்துப் பார்ப்பது நல்லது. 120க்கு மேல் போயிருந்தால் அதிகம் ஊறிவிட்டது என்று பொருள். சட்டியில் சாற்றைக் கொஞ்சம் குறைத்து ஈடுகட்டலாம்.

அடுத்தது சாறு. புளி, பனைச் சர்க்கரை, மீன் சாஸ் மூன்றுதான். தக்காளி சாஸ் ஊற்றிச் செய்வதை நான் ஏற்பதில்லை. தாய்லாந்துக்கு வெளியே புளி எளிதில் கிடைக்காத ஊர்களில் சிவப்பு நிறத்துக்கும் புளிப்புக்கும் அதைச் சேர்த்திருக்கலாம். புளி மூட்டையோடு வாழும் நமக்கு அதற்கு அவசியமே இல்லை.

ரசத்துக்குக் கரைக்கிற மாதிரி இங்கே கரைக்கக் கூடாது. நூடுல்ஸுக்குள் போகும் தண்ணீரை நாம் அளந்து கொடுப்பதால், புளிச்சாறு தோசைமாவுப் பதத்தில் கெட்டியாக இருக்க வேண்டும். கொட்டையும் நாரும் நீக்கிய புளி 100 கிராமுக்கு வெந்நீர் 200 மில்லி ஊற்றி, அரைமணி நேரம் விட்டு, கையால் நன்றாகப் பிசைந்து சல்லடையில் தேய்த்து எடுக்கிறேன். புளி வாங்கும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "புதுப்புளியாப் பாத்து வாங்குடா. பழம்புளி போட்டா நூடுல்ஸ் கறுத்துப்போயிடும், வாசனையும் வத்தக்குழம்பு வாசனையா வரும்." அம்மா பட் தாயை அதுவரை பார்த்ததே இல்லை, ஆனால் புளியைப் பற்றி அவர் சொன்னது அப்படியே சரி. புதுப்புளியில் பழத்தன்மையும் செம்பழுப்பு நிறமும் இருக்கிறது. பழம்புளியின் ஆழமான காரமான புளிப்பு குழம்புக்குத்தான் அழகு.

பனைச் சர்க்கரையில்தான் நான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். தாய்லாந்தில் இரண்டு வகை உண்டு. பெட்சபுரி மாகாணம் நம்முடைய அதே பனைமரத்திலிருந்து எடுக்கும் சர்க்கரைக்குப் பெயர்போனது. சமுத் சொங்கிராம் பகுதியில் தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சுகிறார்கள். இரண்டுமே வெளிர் பழுப்பாக, பால்கோவா நிறத்தில், நகத்தால் சுரண்டக்கூடிய மென்மையில் இருக்கும். நம் கருப்பட்டியும் பனை தந்ததுதான், ஆனால் நிறமும் சுவையும் வேறு. நம் ஊரில் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். அங்கே பயோம் என்ற மரத்தின் சீவல்களைப் போடும் வழக்கம் இருக்கிறது. காய்ச்சும் பக்குவமும் வேறு. கருப்பட்டியை முழுவதுமாகப் போட்டால் அதன் புகைவாசம் மீன் சாஸையும் புளியையும் அமுக்கிவிடுகிறது, நூடுல்ஸும் கருங்காபி நிறத்துக்குப் போகிறது. எனக்குப் பிடித்த கலவை: சுத்தமான வெளிர்நிற வெல்லம் மூன்று பங்கு, கருப்பட்டி ஒரு பங்கு. வெல்லம் மட்டும் போட்டால் இனிப்பு இருக்கும், அடியில் ஒரு பாரம் இருக்காது. அந்தக் கால் பங்கு கருப்பட்டி அதைக் கொடுத்துவிடுகிறது. தாய்லாந்துப் பனைச் சர்க்கரையே கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

மீன் சாஸ் என்பது நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த நீர். பாட்டிலைத் திறந்ததும் வரும் வாசனையில் பலர் பயந்து மூடிவிடுகிறார்கள். சட்டிச் சூட்டில் அந்த முதல் நெடி போய், உப்போடு ஒரு கறிச்சுவை மட்டும் தங்கும். கருவாட்டுக் குழம்பு பழகிய வீட்டில் இதைச் சொல்லி விளக்கவே தேவையில்லை. பொருட்பட்டியலில் மீன், உப்பு, சிறிது சர்க்கரை தவிர வேறு எதுவும் இல்லாத பாட்டிலாக எடுங்கள்.

நான்கு பேருக்கு நான் செய்யும் அளவு: வெல்லமும் கருப்பட்டியும் சேர்ந்து 80 கிராம், கெட்டிப் புளிச்சாறு 120 மில்லி, மீன் சாஸ் 50 மில்லி, தண்ணீர் 60 மில்லி. சர்க்கரையை ஒரு சின்னப் பாத்திரத்தில் இளக்கி, நிறம் ஒரு படி ஏறி நல்ல வாசனை வந்ததும் மற்றவற்றை ஊற்றுகிறேன். சட்டென்று இறுகிக் கட்டியாகும். பதற வேண்டாம், மெல்லிய தீயில் இரண்டு நிமிடத்தில் மறுபடி கரைந்துவிடும். கருப்பட்டியில் மண் இருக்கக்கூடும் என்பதால் கட்டாயம் வடிகட்ட வேண்டும். ஆறியதும் நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் உப்பு என்று வர வேண்டும். தனியாகச் சுவைக்கும்போது மூன்றும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். உப்பில்லாத நூடுல்ஸில் பரவும்போது சரியாகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்கும் மேலாகக் கெடாமல் இருக்கும். ஒரு தட்டுக்கு இதில் 70 மில்லி. இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஊறிய நூடுல்ஸ் 100 கிராமுக்கு 70 மில்லி.

ஏன் ஒரு தட்டுக்கு என்று கணக்குச் சொல்கிறேன் என்றால், இதை ஒவ்வொரு தட்டாகத்தான் செய்ய வேண்டும். வீட்டுக் காஸ் அடுப்பின் பெரிய பர்னர் கொடுக்கும் தீ, தெருக்கடை அடுப்பின் தீயில் ஒரு சிறு பங்குதான். இரண்டு பேருக்கான நூடுல்ஸை ஒன்றாகப் போட்டால் சட்டி குளிர்ந்துவிடும், சாறு ஆவியாகாமல் தேங்கும், நாடாக்கள் அதிலேயே மிதந்து வெந்து குழையும். ஒரு தட்டு அளவு என்றால் வீட்டுத் தீயே போதும். எல்லாம் நறுக்கித் தயாராக இருந்தால் ஒரு தட்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான்கு பேர் சேர்ந்து உட்கார வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இது சங்கடம்தான். எங்கள் வீட்டில் தோசை சாப்பிடுவது எப்படியோ அப்படித்தான் இதுவும் நடக்கிறது, வந்தவர் முதலில் சாப்பிடுகிறார்.

சட்டிக்கு நல்ல பழகிய இரும்பு வாணலியோ கார்பன் ஸ்டீல் வோக்கோ வேண்டும். புது இரும்பில் செய்தால் புளி இரும்பைத் தின்று நூடுல்ஸைச் சாம்பல் நிறமாக்கும், வாயில் துரு சுவை தட்டும். எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளக்கும் வாணலியில், சாறு இரண்டு நிமிடம் மட்டும் படுவதால் ஒன்றும் ஆகாது. நான்ஸ்டிக்கில் ஒட்டாமல் வரும், ஆனால் அந்தப் பூச்சை இந்த அளவுக்குச் சூடேற்றுவது நல்லதில்லை.

இனி உள்ளே போகும் பொருட்கள், ஒரு தட்டுக்கு. கெட்டி டோஃபு, தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமனாக நறுக்கியது, 40 கிராம். பன்னீரை மாற்றாகப் போட வேண்டாம், பால்வாசம் புளியோடு சண்டை போடும். சின்ன வெங்காயம் நான்கைந்து, பூண்டு இரண்டு பல், பொடியாக நறுக்கியது. வறுத்த இறால் கருவாடு ஒரு மேசைக்கரண்டி; சென்னாக்கூனி கிடைத்தாலும் நன்றாகவே இருக்கும், உப்பை மட்டும் ஒருமுறை அலசிவிடுங்கள். இனிப்பு உப்புச் சேர்த்துப் பதப்படுத்திய முள்ளங்கி, பொடியாக நறுக்கியது, ஒரு மேசைக்கரண்டி. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நறுக் நறுக்கென்று பல்லில் படும் அந்த உப்பினிப்பு இல்லாவிட்டால் தட்டு மொட்டையாக இருக்கிறது. அங்கே போடும், பூண்டுமணம் வீசும் தட்டை இலைத் தாள் (கார்லிக் சைவ்ஸ்) கிடைக்காத ஊரில் வெங்காயத்தாளே போதும். கடைசியில் சேர்க்க முளைப்பயறும் வேர்க்கடலையும்.

இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள்: உலர்ந்த நூடுல்ஸ், கருவாடு, உப்பு முள்ளங்கி, புளி, சர்க்கரை, வேர்க்கடலை. எல்லாமே அலமாரியில் கிடக்கும் பொருட்கள். பட் தாய் தாய்லாந்து முழுவதும் பரவியது, 1938இல் பிரதமரான பிபுன் சொங்கிராம் காலத்தில். 1939இல் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றியவரும் அவர்தான். போர்க்காலத்தில், 1942இல் வெள்ளம் வேறு சேர்ந்துகொண்ட நெருக்கடியில், நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி அவருடைய அரசே பரப்புரை செய்தது. தெருவில் ஒரு வண்டி, ஓர் அடுப்பு, கெடாத சரக்கு, ஒவ்வொரு தட்டாகச் செய்யும் முறை என்று எல்லாம் அந்தத் தொழிலுக்குப் பொருந்தியிருக்கிறது. பெரிய பெரிய இறால் இல்லாமல் இது பட் தாயே இல்லை என்று நினைப்பவர்கள் ஒருமுறை கருவாட்டை மட்டும் வைத்துச் செய்து பாருங்கள். எனக்கு அதுதான் இன்னும் பிடித்திருக்கிறது.

புது இறால் போடுகிற நாளில் தலைகளை எறியாதீர்கள். பாங்காக்கில் சில கடைகள் இறால் தலைக் கொழுப்பில் நூடுல்ஸை வறுத்து ஆரஞ்சு நிறத்தில் தருவதுண்டு. கால் கிலோ இறாலின் தலைகளை 60 மில்லி எண்ணெயில் போட்டு, சின்னத் தீயில் பத்து நிமிடம் வைத்துக் கரண்டியால் அழுத்தி அழுத்திப் பிழிய வேண்டும். சாம்பல் நிறத் தலைகள் முதலில் இளஞ்சிவப்பாகும், பிறகு எண்ணெயின் ஓரத்தில் செம்மஞ்சள் வளையம் பிரியும், கொஞ்ச நேரத்தில் எண்ணெய் முழுக்கக் குங்குமப்பூ நிறம். இறாலின் நிறமி சூடுபடாதவரை ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. சூட்டில் விடுபட்டு எண்ணெயில் கரைந்துவிடுகிறது. துணியில் வடிகட்டுங்கள், கசடு தங்கினால் பெரிய தீயில் கருகிக் கசக்கும். தக்காளி சாஸ் தர முயலும் நிறத்தை, வாசனையோடு சேர்த்து, இதுவே தந்துவிடும்.

முளைப்பயறு கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே வளர்க்கலாம், பாசிப்பயறுதான். சுண்டலுக்குக் கட்டும் குட்டை முளை இதற்குப் போதாது. விரல் நீளத்துக்கு வெள்ளைத் தண்டு வேண்டும். 50 கிராம் பயறை ஓர் இரவு ஊறவைத்து, துளையுள்ள ஸ்டீல் கூடையில் பரப்பி, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் ஒரு தட்டும் தட்டின்மேல் கனமான பொருளும் வைக்கிறேன். வெளிச்சம் படாமல் மூடி, ஒரு நாளைக்கு நாலைந்து முறை தண்ணீர் ஊற்றி வடித்தால், நம் ஊர் வெப்பத்தில் நான்கு நாளில் தயார். எடை வைப்பது முக்கியம். எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு வளரும்போதுதான் தண்டு தடிக்கிறது. எடை இல்லாவிட்டால் நீண்டு மெலிந்து போகும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசக்கும்.

சமைப்பது இப்படி. வாணலி நன்றாகக் காய்ந்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். ஈரம் துடைத்த இறால்களை இரு பக்கமும் சிவக்கவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, கருவாடு, டோஃபு, ஒரு நிமிடம். பிறகு நூடுல்ஸைப் பரப்பி, அதன்மேல் 70 மில்லி சாற்றைச் சுற்றி ஊற்றித் தீயை முழுக்க ஏற்றுங்கள். முதல் இருபது நொடி தொடாதீர்கள். அதன்பிறகு இரண்டு கரண்டிகளால் அடியிலிருந்து தூக்கித் தூக்கித் திருப்ப வேண்டும். கிளறினால் உடையும், தூக்கினால் உடையாது.

இப்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். சாறு ஊற்றியதும் களகளவென்று கொதிக்கிற சத்தம் வரும். நாடாக்கள் சாற்றைக் குடிக்கக் குடிக்க அந்தச் சத்தம் அடங்கி, சுமார் ஒன்றரை நிமிடத்தில் சொரசொரவென்று பொரிகிற சத்தமாக மாறும். வாணலியின் அடியில் ஈரம் தீர்ந்து எண்ணெய் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு நாடாவை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் இன்னும் கடுக்கென்றால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மறுபடி அதே சத்தம் வரும்வரை திருப்புங்கள். குறைவாக இருந்தால் கூட்டலாம், அதிகமாகிவிட்டால் எடுக்க முடியாது என்பதால்தான் ஆரம்ப அளவைச் சற்றே இறுக்கமாக வைத்திருக்கிறேன்.

நூடுல்ஸை ஓரம் ஒதுக்கி, காலியான இடத்தில் அரைக்கரண்டி எண்ணெய் விட்டு ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சளைக் கீறிவிடுங்கள். பாதி இறுகியதும் நூடுல்ஸை அதன்மேல் சாய்த்து, சில நொடி விட்டுப் புரட்டினால் முட்டை நாடாக்களில் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். இறாலைத் திரும்பப் போட்டு, ஒரு கைப்பிடி முளைப்பயறு, வெங்காயத்தாள், பாதி வேர்க்கடலை சேர்த்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். முளைப்பயறு வாணலியின் மிச்சச் சூட்டிலேயே வாடிவிடும். தீயில் வைத்தால் தண்ணீர் விட்டு, இவ்வளவு நேரம் கட்டிக்காத்த உலர்வைக் கெடுத்துவிடும்.

தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு, பச்சை முளைப்பயறு, மிச்ச வேர்க்கடலை, வறுத்துப் பொடித்த மிளகாய்வத்தல், கொஞ்சம் சர்க்கரை. தாய்லாந்தில் காரம் சாப்பிடுபவரின் கையில்தான் இருக்கிறது, சட்டியில் போடுவதில்லை. கூடவே வாழைப்பூவின் உள்குருத்தைப் பச்சையாகக் கீறி வைப்பார்கள், வல்லாரைத் தழையும் வைப்பதுண்டு. வாழைப்பூவை வதக்காமல் நாம் தொடமாட்டோம். எலுமிச்சைத் தண்ணீரில் போட்டு எடுத்த வெளிர் குருத்தை இனிப்பு நூடுல்ஸோடு கடித்தால், அந்தத் துவர்ப்பு ஒவ்வொரு வாய்க்கும் நாக்கைத் துடைத்துவிடுகிறது. வல்லாரை நம் வீட்டுக் கீரைதான், அதையும் அப்படியே பச்சையாகச் சாப்பிடுங்கள்.

அம்மாவுக்குச் செய்வது வேறு மாதிரி. அமாவாசையன்று மீன் சாஸ், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. தாய்லாந்திலேயே இதற்கு வழி இருக்கிறது. சீன நாட்காட்டியின் ஒன்பதாவது மாதத்தில் நடக்கும் சைவத் திருவிழாவில், ஃபுகெட்டில் விமரிசையாக நடக்குமே, அதில் உண்ணும் 'ஜே' உணவில் மீன், முட்டையோடு பூண்டு, வெங்காய வகைகளையும் விலக்குகிறார்கள். அதே சாற்றில் மீன் சாஸுக்குப் பதில் லைட் சோயா சாஸ் 40 மில்லி, ஒரு தேக்கரண்டி உப்பு, உலர்ந்த காளானை வறுத்து அரைத்த பொடி அரை மேசைக்கரண்டி. முள்ளங்கியை இரட்டிப்பாக்கி, டோஃபுவைத் தனியே பொன்னிறமாகப் பொரித்துச் சேர்க்கிறேன். முட்டை இல்லாததால் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் ஒரு தட்டுக்கு 70 மில்லிக்குப் பதில் 60 மில்லி சாறுதான் ஊற்ற வேண்டும்.